ஆற்றுக்கு இக்கரையில் ஓர் இரவு

ஹவுரா ரயில் நிலையம் கொல்கத்தாவில் இல்லை. அந்த ஊருக்கென்று கிளம்பி, ஓர் இரவும் பகலும் வண்டியில் உட்கார்ந்து வந்து இறங்குகிறவருக்கு முதலில் தெரியவேண்டிய சங்கதி இதுதான். நிலையம் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில். நகரம் கிழக்குக் கரையில். நடுவே ஏறக்குறைய அரைக் கிலோமீட்டருக்குத் தண்ணீர். தண்டவாளம் இந்தக் கரையோடு நின்றுவிடுகிறது. நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்துக்குள் பார்க்கத் தகுந்தவை என்று எதை எண்ணினாலும், ஆற்றை எப்படிக் கடப்பது என்ற பழைய கேள்வி அதற்குப் பின்னால் நிற்கிறது. அந்தக் கரையில் ஓர் இரவு முழுக்கக் காத்திருக்க நேர்ந்ததால் இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

2015 டிசம்பர். மார்கழி பிறந்திருந்தது. அக்கா குவாஹாட்டியில் இருந்தாள். மாமாவுக்கு வங்கி வேலையில் அங்கே மாற்றல். நிறைமாதத்தில் அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு அக்கா வரவேண்டியது போய், தாய்வீடே அக்காவிடம் புறப்பட்டது. திண்டுக்கல்லிலிருந்து அம்மாவும் நானும். அப்பா ரயில்வேயில் கார்டு; அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆனால் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தாளில் எழுதிக் கொடுத்தது அவர்தான். ஹவுராவில் இறங்குவது மாலையில். குவாஹாட்டி வண்டியைப் பிடிப்பது மறுநாள் பிற்பகலில். அதே நாளில் பிடிக்கும்படி டிக்கெட் எடுத்தால் முதல் வண்டி தாமதமாகிற அன்று நடுவழியில் நிற்க நேரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். வண்டிகள் எப்படியெல்லாம் தாமதமாகும் என்று உள்ளிருந்தே பார்த்தவர்.

அம்மாவுக்கு அந்த ஏற்பாடு ஒப்பவில்லை. "புள்ள அங்க ஒத்தையில கெடக்கா. ஒரு ராத்திரி, அரப் பகலு வீணாப் போகுதே" என்று விஜயவாடா வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் மடியில் ஒரு துணிப்பை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வசம்பு, சம்படம் நிறையப் பிரசவ லேகியம், குழந்தைக்கு விரிக்க அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். அந்தப் பையை அவள் பெர்த்துக்கு அடியில்கூட வைக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் வண்டி வங்காளத்துக்குள் நுழைந்தது. பான்ஸ்குராவை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே நெல் வயல்களுக்கு நடுவே பாத்தி பாத்தியாக மஞ்சள் தெரிந்தது. அம்மா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "துலுக்கசாமந்தி! அம்புட்டும் துலுக்கசாமந்தி!" அம்மா பிறந்தது நிலக்கோட்டையில். தாத்தா மல்லிகைத் தோட்டக்காரர்; விடியுமுன் பறித்த பூவைக் கூடையில் கட்டி முதல் பஸ்ஸில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனவர். பூ விளைகிற மண்ணைக் கண்டால் அம்மாவுக்குக் கண் நிற்காது. கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றை வண்டி கடந்தது. அதற்குப் பிறகு அவள் வீணாகிற இரவைப் பற்றிப் பேசவில்லை.

சென்னையிலிருந்து வருகிற வண்டிகள் ஹவுராவின் புது வளாகத்தில் வந்து நிற்கும். அங்கே இறங்கிப் பெட்டிகளைக் கிளோக் ரூமில் போட்டோம். பூட்டு இல்லாத பெட்டியை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பயணச்சீட்டையும் காட்ட வேண்டும் என்று அப்பா எழுதியிருந்தார். பூட்டும் சாவியும் வாங்கிவைத்திருந்தோம். துணிப்பையை மட்டும் அம்மா கொடுக்கவில்லை. கிளோக் ரூமில் இருந்தவரும் அதைக் கேட்கவில்லை. பெண்கள் காத்திருப்பு அறையில் இடம் பார்த்துவைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். "பழைய கட்டடத்தப் போய்ப் பாரு. பெரிய கடிகாரத்தப் பாரு. பாலத்துல ஏறி, நட்டு போல்ட்டு எங்கயாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார். வேலைக் காலம் முழுக்க மதுரைக் கோட்டத்துக்குள்ளேயே வண்டியோடு போய்வந்தவர் ஹவுராவைப் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குத் தெரியாத ஹவுரா இல்லை.

பழைய கட்டடம் செங்கல் சிவப்பு. ஹால்சி ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1905-இல் திறந்தது. அதற்கு முன் அங்கே இருந்தது தகரக் கொட்டகை, ஒரு குறுகிய பிளாட்பாரம், டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல். 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளி என்ற ஊருக்கு முதல் பயணி வண்டி கிளம்பியது அந்தக் கொட்டகையிலிருந்துதான். நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு வண்டி ஓடியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1856-இல். ஹவுராவின் முதல் ஓட்டத்தின் கதையை அப்பா வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மாதிரிப் பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் ஆற்று முகத்துவாரத்தில் மூழ்கிவிட்டது. எஞ்சினை ஏற்றிய கப்பல் வழிமாறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டு வந்தது. கடைசியில் கல்கத்தாவிலேயே பெட்டிகளைக் கட்டிக்கொண்டார்கள். வண்டி வராதா என்று காத்துக்கிடப்பது அந்த நிலையத்தின் முதல் நாளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பெரிய கடிகாரத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் அதன் கீழேதான் நிற்கிறார்கள். இரண்டு பக்கமும் முகம் கொண்ட கடிகாரம். லெஸ்டர் நகரத்து ஜென்ட்ஸ் கம்பெனி செய்தது, 1926 முதல் அங்கே இருக்கிறது. கைபேசி இல்லாத காலத்தில் வங்காளிகள் ஒருவரையொருவர் சந்திக்கக் குறித்துக்கொண்ட இடம் அதன் அடிதான். கைபேசி வந்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. குல்லாய் போட்ட குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு தாத்தா முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடியவர்கள் வந்து சேரும்வரை அம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஓர் இளம்பெண் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டபோது அம்மாவின் முகமும் தெளிந்தது.

எட்டாம் பிளாட்பாரத்துக்கும் ஒன்பதாம் பிளாட்பாரத்துக்கும் நடுவே கார் போகிற சாலை ஒன்று நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. மஞ்சள் டாக்சிகள் வண்டியின் பக்கத்துக்கே வந்து நின்றன. நடக்க முடியாத ஒரு மூதாட்டியை ரயில் பெட்டியிலிருந்து தூக்கி நேராக டாக்சியில் உட்காரவைத்தார்கள். இதை யோசித்துக் கட்டியவரை மனதாரப் பாராட்டினேன். பயணத்தில் மிகக் கடினமான தூரம் பிளாட்பாரத்துக்கும் வாசலுக்கும் இடையே உள்ள தூரம். மூட்டை முடிச்சோடும் முதியவர்களோடும் வந்தவர்களுக்கு அது தெரியும்.

வாசலுக்கு வந்தோம். பாலம் தலைக்கு மேலே எழுந்து நின்றது.

படங்களில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் ஹவுரா பாலத்தின் அளவு கண்ணுக்குப் பழகாது. மொத்த நீளம் 705 மீட்டர். இரண்டு கோபுரங்களுக்கும் இடையே 457 மீட்டர். அந்த 457 மீட்டருக்குள் ஆற்றில் ஒரு தூண்கூட இல்லை. கப்பல் போக்குவரத்துக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது, ஆற்று நீரோட்டத்தைத் தடுத்து வண்டல் படியவிடவும் கூடாது என்பதற்காக, இரு கரைகளிலிருந்தும் கைகளை நீட்டி நடுவில் கோத்ததுபோல் கட்டினார்கள். 26,500 டன் எஃகு; அதில் 23,000 டன் ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை உருக்கிக் கொடுத்தது. 1936-இல் தொடங்கிய வேலை. 1943 பிப்ரவரி 3 அன்று விழா எதுவுமில்லாமல் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டார்கள். போர்க்காலம், அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டிருந்தன. மேள தாளத்தோடு திறந்தால் குண்டுக்கு இடம் காட்டியதாகும் என்ற பயம். அவ்வளவு பெரிய பாலத்தின் மேல் முதலில் போனது ஒற்றை டிராம் வண்டி.

நடைபாதையில் ஏறி அப்பா சொன்னதைத் தேடினேன். விளக்கு வெளிச்சத்தில் எஃகுத் தகடுகள் மேல் வரிசை வரிசையாக ரிவெட் தலைகள். தொட்டுப் பார்த்தேன், எத்தனையோ கை பட்டு வழுவழுவென்று இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை ஒரு நட்டு இல்லை, ஒரு போல்ட்டு இல்லை. பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் இட்டு மறுபக்கம் அடித்து மழுங்கவைத்தே பாலம் முழுவதையும் கோத்திருக்கிறார்கள். அங்கிருந்தே போன் செய்து சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பஸ் போறப்போ கால்ல அதிருதா?" என்று கேட்டார். அதிர்ந்தது. தளம் தூணின் மேல் உட்காரவில்லை. 39 இணை தொங்குகம்பிகளில் மேலிருந்து தொங்குகிறது. பஸ் போகும்போது அந்த அசைவு உள்ளங்காலுக்கு வருகிறது. அம்மா தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, ஊஞ்சல்ல நிக்கிற மாதிரில்ல இருக்கு" என்று போனை வாங்கிச் சொன்னாள்.

தொங்குகம்பிகளின் அடிப்பாகத்தில் கண்ணாடியிழை உறை போட்டிருந்தது. போகிற வருகிறவர்கள் துப்பிய வெற்றிலை எச்சில், அங்கே இருந்த எஃகு உறையை ஆறு மில்லிமீட்டரிலிருந்து பாதியாக அரித்துவிட்டதாம். 2013-இல் இந்த உறையைப் போட்டார்கள். போரையும் புயலையும் தாங்கி நின்ற எஃகை மனிதர்களின் அசட்டை அரிக்கிறது. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருந்தது. பாலம் என்பது யாரோ கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது மட்டுமன்று, ஒவ்வொரு நாளும் காப்பாற்றப்பட வேண்டியது. அந்தக் காப்பில் நடந்துபோகிறவருக்கும் பங்கு உண்டு.

பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தபோது அம்மா ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஆகாயத்தாமரைத் திட்டுகள் வடக்கு நோக்கி, மலைப்பக்கம் நோக்கி மிதந்துகொண்டிருந்தன. "தண்ணி ஏத்தா மேல போகுது?" என்றாள். கடல் ஏற்றம் அங்கே வரை வருகிறது. ஏற்றத்தின்போது ஆறு திரும்பி ஓடும். இறக்கத்தின்போது கடல் நோக்கி ஓடும். நாளும் இப்படிப் புரண்டு புரண்டு ஓடுகிற ஆற்றில் பாலம் போடுவது எளிதாக இருக்கவில்லை. 1874-இல் பிராட்ஃபோர்ட் லெஸ்லி என்ற பொறியாளர் முதல் பாலத்தைக் கட்டியபோது தூணே வைக்காமல் மிதவைகள் மேல் பாதை போட்டார். கப்பல் வந்தால் நடுப்பகுதியை இருநூறு அடிக்கு விலக்கித் திறப்பார்கள். அதுவரை வண்டிகளும் மாடுகளும் மனிதர்களும் இரு கரையிலும் நிற்க வேண்டும். ரயிலைப் பிடிக்க வந்து, மிதவைப் பாலம் திறந்திருக்கக் கண்டு, எதிர்க்கரையில் தவித்து நின்றவர்கள் எத்தனை பேரோ. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மிதவைப் பாலம் உழைத்தது. இப்போதைய பாலம் அந்தத் தவிப்புக்குக் கிடைத்த பதில்.

காத்திருப்பு அறைக்குத் திரும்பி, கொண்டுவந்திருந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். அம்மா துணிப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். எதிர்ப் பெஞ்சில் கயாவுக்குப் போகிற குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியும் அம்மாவும் பொது மொழி எதுவுமில்லாமல் கைகளாலேயே யாருக்கு எத்தனை பிள்ளை என்பதைப் பேசி முடித்தார்கள்.

நான்கரை மணிக்கு அம்மா எழுப்பினாள். மார்கழியில் அவளுக்கு அதற்குமேல் தூக்கம் வராது. முகம் கழுவி, மண் குவளையில் தேநீர் வாங்கிக் கைகளைச் சூடேற்றிக்கொண்டு மறுபடி பாலத்தில் ஏறினோம். இந்த முறை நாங்கள் தனியாக இல்லை. நிலையத்திலிருந்து வரிசையாக மனிதர்கள் எங்களைக் கடந்துபோனார்கள். தலையில் மூட்டை, மூட்டைக்குள்ளிருந்து மஞ்சள் தெரிந்தது. சாமந்திச் சரங்கள். பான்ஸ்குரா, கோலாகாட் பக்கமிருந்து விடியற்கால லோக்கல் வண்டிகளில் வந்த பூ. முந்தைய நாள் ஜன்னலில் நாங்கள் பார்த்த பாத்திகளின் பூ, எங்களைப்போலவே ரயிலில் வந்து, ஹவுராவில் இறங்கி, ஆற்றைக் கடக்கப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் நடை தானாக வேகமெடுத்தது.

பாலத்தின் கிழக்கு முனையில், ஆற்றை ஒட்டிய சரிவில் மல்லிக் காட். ராம்மோகன் மல்லிக் என்ற செல்வந்தர் தம் தந்தையின் நினைவாக 1855-இல் கட்டிய படித்துறை. ரயில் ஓடத் தொடங்கிய மறு ஆண்டு அது. கங்கையில் குளிக்க வருகிறவர்களுக்குப் பூ வேண்டும். பூ கொண்டுவர ரயில் இருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் சந்தை வளர்ந்தது. இன்று நாட்டின் மிகப் பெரிய பூச்சந்தைகளில் ஒன்று.

உள்ளே போனதும் அம்மா நின்றுவிட்டாள். மனிதத் தலைக்கு மேலே சாமந்தி, காலடியில் சாமந்தி. தோளிலும் கழுத்திலும் மலைப்பாம்பு கனத்துக்குச் சரங்களைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் விலை கூவினார்கள். இருபது சரம் சேர்ந்தால் ஒரு கட்டு, அதுதான் பேச்சு. அப்பால் தாமரை மொட்டுகள் இலையில் பொதிந்து, வில்வக் கட்டுகள், நீலச் சங்குப்பூ. காளிக்குச் சூட்டுவதற்காகச் செம்பருத்தியைச் சரமாகக் கோத்திருந்தார்கள். நம் வீடுகளில் வேலியோரம் பூத்து, தலைக்கு எண்ணெய் காய்ச்சப் பறிக்கிற பூ, அங்கே நூற்றெட்டாகக் கோக்கப்பட்டுத் தேவியின் கழுத்துக்குப் போகிறது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

படி ஓரத்தில் உட்கார்ந்து ஓர் அம்மாள் சம்பங்கியை ஊசியால் கோத்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரே குந்தி உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம், "ஊசியால குத்துனா பூவுக்கு நோகாதா?" என்றாள். கீழே கிடந்த வாழைமட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, நகத்தால் நார் கிழித்து, ஆற்று நீரில் நனைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்மணியின் கூடையைக் காட்டி, எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டாள். பிறகு நான்கு பூ, ஒரு சுற்று. நான்கு பூ, ஒரு சுற்று. நிலக்கோட்டைக் கை. சாண் நீளம் சரம் வளர்வதற்குள் பக்கத்துக் கடைப் பெண்கள் நால்வர் சுற்றி நின்றார்கள். ஊசி இல்லாமல் பூ நிற்பது அவர்களுக்கு அதிசயம். கோத்துக்கொண்டிருந்தவர் நாரை வாங்கித் தாமும் முயன்றார். முடிச்சு நழுவியது. "இல்ல மதினி, கட்டைவெரல இப்பிடி அழுத்தணும்" என்று அம்மா அவர் விரலைப் பிடித்து மடக்கிக் காட்டினாள். அவர் வங்க மொழியில் பதில் சொன்னார். மூன்றாம் முறை முடிச்சு நின்றது. எங்கிருந்து வருகிறார் என்று கையால் கேட்டதற்குப் பான்ஸ்குரா என்றார், ரயில் போகிறமாதிரி கையை நீட்டிக் காட்டினார். அம்மா தன் பங்குக்குத் துணிப்பையைத் திறந்து வேட்டித் துணியைக் காட்டி, தொட்டில் ஆட்டுகிறமாதிரி கையை ஆட்டினாள். அந்தப் பெண்மணி எழுந்து, கூடையிலிருந்து செம்பருத்தி ஒன்றை எடுத்து அந்தத் துணி மேல் வைத்தார். அம்மா முதல் நாள் முழுக்கச் சுமந்துவந்த பதற்றம் அப்போதுதான் இறங்கியது என்று எனக்குத் தோன்றியது.

விடிந்தது. படித்துறையில் குளிக்கிறவர்கள், நீரில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விடுகிறவர்கள், மேலே மண் குழி வெட்டிய அகாடாவில் கர்லாக்கட்டை சுற்றுகிற மல்லர்கள். தெருவோரக் கடையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் சாப்பிட்டோம். பிறகு புதிய பேரீச்சை வெல்லத்தில் செய்த சந்தேஷ். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் வெல்லம் அது. அதன் மணம் பனங்கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட உறவு.

படாபஜாரின் நெரிசலுக்குள் கொஞ்சம் நடந்தால் ஆர்மீனியத் தேவாலயம். 1724-இல் கட்டியது, கொல்கத்தாவில் இப்போது இருக்கிற தேவாலயங்களிலேயே பழையது. வாயிற்காவலர் உள்ளே விட்டார். முற்றத்தில் கால்வைக்கும் இடமெல்லாம் கல்லறைக் கற்கள், அவற்றில் ஒன்று 1630 என்று காலம் சொல்கிறது. பாரசீகத்திலிருந்து வந்து, வணிகம் செய்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்கள். சென்னை பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவில் அவர்களுடைய 1772-ஆம் ஆண்டுத் தேவாலயத்தை நான் பார்த்திருக்கிறேன். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் அச்சானது அந்தச் சென்னையில்தான். கடலோரமும் ஆற்றோரமும் சரக்குக் கப்பலுக்காகக் காத்திருந்தவர்கள் இரண்டு ஊர்களிலும் பிரார்த்தனைக்கு ஓர் இடம் கட்டிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவரான மான்வெல் ஹசார் மாலியன் 1734-இல் கட்டிய படித்துறைதான் ஆர்மீனியன் காட். திரும்பும்போது அங்கே வந்தோம். ஹவுராவின் ரயில் கதை உண்மையில் தொடங்குவது அந்தக் கிழக்குக் கரைப் படித்துறையில். பாலம் எதுவும் இல்லாத அந்நாளில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனி அங்கேயே டிக்கெட் விற்றது. டிக்கெட் விலையில் படகுக் கூலியும் அடக்கம். சீட்டை வாங்கிக்கொண்டு, படகேறி, ஆற்றைக் கடந்து, ஹவுராவின் தகரக் கொட்டகையில் வண்டி ஏற வேண்டும். பிறகு 1873-இல் சியால்தா நிலையத்திலிருந்து ஆற்றங்கரைவரை குதிரை இழுக்கிற டிராம் விட்டார்கள், அதுவும் வந்து முடிந்தது ஆர்மீனியன் காட்டில்தான். அந்தச் சேவை ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை என்றாலும் இந்தியாவில் டிராம் ஓடத் தொடங்கியது அப்படித்தான்.

ஹவுராவுக்கு லாஞ்ச் பிடித்தோம். அலுவலகம் போகிறவர்கள் எதிர்த்திசையில் நெருக்கியடித்து வந்திறங்க, எங்கள் படகில் இடம் தாராளமாக இருந்தது. 1854-இல் ஒரு பயணி எந்தத் துறையில் ஏறி எந்தக் கரையில் இறங்கினாரோ, அதே ஆற்றை அதே திசையில் நாங்களும் கடந்தோம். நடு ஆற்றில் பாலத்தை முழுதாகப் பார்க்க முடிந்தது. மேலே நடந்தபோது பார்த்தது அதன் எலும்பை. கீழிருந்து பார்த்தபோதுதான் அதன் நீட்சி தெரிந்தது. 1965-இல் தாகூர் பெயரைச் சூட்டி ரவீந்திர சேது என்றார்கள். ஊர் மக்களுக்கு அது என்றும் ஹவுரா பாலம். லாஞ்ச் கரை தட்டியபோது அம்மா சொன்னாள்: "உங்கப்பாவக் கூட்டிக்கிட்டு இன்னொருக்கா வரணும்."

பிற்பகல் வண்டியில் குவாஹாட்டி போனோம். தை மாதம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. அப்பா ஓய்வு பெற்ற பிறகு பேத்தியைப் பார்க்க மூவருமாக அதே வழியில் போனோம். இரவை ஹவுராவில் கழிக்கும்படி டிக்கெட் எடுக்கச் சொன்னது இந்த முறை அம்மா. பாலத்தின் நடைபாதையில் அப்பா ரிவெட் ரிவெட்டாகத் தடவிக்கொண்டு நடந்தார்.

இப்போது ஆற்றைக் கடக்க நான்காவது வழியும் வந்துவிட்டது. 2024 மார்ச்சில் ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு ஆற்றுக்கடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. 520 மீட்டர் ஆற்றுப் படுகையை 45 விநாடியில் கடக்கிறது. 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடிலிருந்து சியால்தாவுக்கும் இணைத்துவிட்டார்கள். ஹவுராவில் இறங்கிச் சியால்தாவில் வண்டி மாற வேண்டியவருக்கு, நோயாளியோடு வருகிறவருக்கு, நேரம் நெருக்குகிறவருக்கு இது பெரும் உதவி. படகு, மிதவை, எஃகு, சுரங்கம் என்று ஆற்றை எப்படிக் கடப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்த மனிதர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஓர் இரவு கையில் இருக்கிறவர்கள் சுரங்கத்தில் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். ரயில் மாறுகிற ஊர்களை நாம் ஊர்களாகவே எண்ணுவதில்லை. பிளாட்பாரத்தின் பெஞ்சு, சார்ஜர் சொருகும் இடம், அறிவிப்புப் பலகை என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. ஹவுராவில் இறங்கினால் பெட்டியைப் பூட்டிக் கிளோக் ரூமில் போடுங்கள். இரவில் பெரிய கடிகாரத்தையும் பழைய கட்டடத்தையும் பாருங்கள். விடியுமுன் பூ மூட்டைகளோடு பாலத்தில் நடங்கள். திரும்பும்போது ஆர்மீனியன் காட்டிலிருந்து படகில் வாருங்கள். எல்லாம் நடைத் தூரம், காசும் அதிகம் ஆகாது. எந்த ஊரில் வண்டி மாறினாலும் இதையே செய்யலாம்: இந்த நிலையம் ஏன் இங்கே வந்து நின்றது என்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால் போதும், அந்த ஊர் தன்னைத் தானே காட்டத் தொடங்கிவிடும்.